மைல் எண்டின் மேளச்சமா

1995 ஒக்டோபர் 30. கியூபெக் கனடாவிலிருந்து பிரிவதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் வித்தியாசம் 54,000 வாக்குகளுக்குச் சற்று மேல். தோற்ற பிரிவினைப் பக்கத்தின் தலைவர் ஜாக் பரிஸோ அன்றிரவு மேடையேறி, பணமும் இனக்குழு வாக்குகளும் தங்களைத் தோற்கடித்துவிட்டன என்று சொன்னார். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் அந்த இனக்குழுவுக்குள் அடங்கியவர்கள்தான். அப்பா எழும்பித் தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டு, விடிய வேலைக்குப் போக வேண்டும், படுங்கோ என்றார்.

அப்போதைய மொன்றியலைவிட்டுப் பணம் வெளிக்கிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கொம்பனிகள் ரொறொன்ரோவுக்கு மாறின. எந்த வீதிக்குப் போனாலும் வாடகைப் பலகை தொங்கும். அம்மா மைல் எண்டில், டு காஸ்பே வீதியின் பெரிய கொங்கிரீட் கட்டடங்களில் ஒன்றில், உடுப்புத் தைத்தார். கிரேக்கப் பெண்கள், போர்த்துக்கீசப் பெண்கள், ஹெயிட்டிப் பெண்கள், அவர்களுக்குப் பிறகு எங்கள் ஆட்கள் என்று தளம் முழுவதும் மெஷின் சத்தம். தொண்ணூறுகளில் அந்த வேலைகள் மெக்சிகோவுக்கும் ஆசியாவுக்கும் போகத் தொடங்கின. ஒருநாள் கடையில் எனக்குச் சட்டை பார்த்துக்கொண்டிருந்த அம்மா கழுத்துப்பட்டியைத் திருப்பினார். இலங்கையில் தைத்தது என்று இருந்தது. "நாங்கள் இஞ்ச வர, வேலை அங்க போட்டுது" என்றார்.

மெஷின்கள் போன தளங்களுக்குள் கிற்றார்களும் டிரம்ஸும் வந்தன. இந்த நகரத்தின் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் குளிரையும் கலைஞர்களின் மனநிலையையும் பற்றி நிறைய எழுதுவார்கள். நான் வாடகையிலிருந்துதான் தொடங்குவேன். ஒன்பது பேர் சேர்ந்து இருபது நிமிடப் படைப்பு ஒன்றை உருவாக்க வேண்டுமென்றால் அவர்களுக்குப் பெரிய அறை வேண்டும், நிறைய நேரம் வேண்டும், சத்தத்துக்கு முறையிட அயலவர் இருக்கக்கூடாது. இந்த மூன்றும் அன்று மைல் எண்டில் மலிவாகக் கிடைத்தன. கொட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பெரர் குழுவினர் தண்டவாளத்துக்குக் கிட்ட ஹோட்டல் டூ டாங்கோ என்ற மாடியில் வாழ்ந்து, பழகி, ஒலிப்பதிவும் செய்தார்கள். பிறகு அது முறையான ஒலிப்பதிவுக்கூடமானது.

அவர்களுடைய முதல் இசைத்தட்டான 'எஃப் ஷார்ப் ஏ ஷார்ப் இன்ஃபினிட்டி' 1997இல் கொன்ஸ்டலேஷன் வெளியீடாக வந்தது. முதலில் 500 பிரதிகள்தான். எனக்கு ஒரு செஜெப் கல்லூரி நண்பன் இரவல் தந்தான். உறையில் கையால் ஒட்டிய படம். உள்ளே சிறு கடிதஉறை. அதைக் கவிழ்த்தால் ரயில் ஏறி நசுங்கிய கனடிய ஒரு சதக் காசு உள்ளங்கையில் விழும். அரசியின் முகம் இழுபட்டு, செம்பு தகடாகி, ஓரம் விரலில் கீறும் அளவுக்குக் கூராக இருந்தது.

அதை வீட்டில் போட்டேன். தொடக்கத்தில் ஒரு மனிதன் பேசுவான், பிறகு நீண்ட நேரம் வாத்தியங்கள்தான். அம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டார்: "பாட்டுக்காரன் எப்பவடா வருவான்?"

"பாட்டில்லை அம்மா."

"அப்ப சமா எண்டு சொல்லன்."

எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் அளவெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பை நேரில் கேட்டவர். கோயில் வீதியில், திருவிழா இரவுகளில், இரண்டு மூன்று கூட்டம் நாதஸ்வரமும் தவிலுமாக விடியும்வரை வாசிக்கும். அதுதான் சமா. ஒரு வரிப் பாட்டு இருக்காது. சனம் மணலில் குந்தியிருந்து, எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தலையாட்டிக் கேட்கும். முதலில் மெல்ல நடந்து, ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் தவில் நெஞ்சுக்குள் அடிக்கும் என்றார். கொட்ஸ்பீட்டைப் பற்றி அதைவிடச் சரியான விவரணை ஒன்றை நான் எந்தச் சஞ்சிகையிலும் வாசிக்கவில்லை. இரண்டாம் பக்கம் முடிந்தபோது ஊசி கடைசிப் பள்ளத்தில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே அப்படி வெட்டியிருந்தார்கள். யாராவது எழும்பி ஊசியைத் தூக்கும்வரை அது ஓடும். அம்மா தூக்க விடவில்லை.

அந்த இசை எனக்கு ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த நகரத்தில் வாயைத் திறந்தால் ஒரு பக்கம் சேர வேண்டும். கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் கேட்டால் ஒரு பார்வை, உடைந்த பிரெஞ்சில் கேட்டால் இன்னொரு பார்வை. பக்டரி மாடிகளில் நடந்த கச்சேரிகளில் மேடையிலிருந்து ஒருவரும் எந்த மொழியிலும் பேசமாட்டார்கள். வாத்தியக்காரர்கள் கதிரைகளில் அரைவட்டமாக இருப்பார்கள், சிலர் எங்களுக்கு முதுகு காட்டியபடி. பின்னால் 16 மில்லிமீற்றர் புரொஜெக்டர்கள் கடகடவென்று ஓடும். படச்சுருளில் கையால் கீறிய நம்பிக்கை என்ற ஒற்றைச் சொல் துடித்துக்கொண்டிருக்கும். இரண்டு டிரம்ஸும் சேர்ந்து இறங்கும்போது பலகைத் தளம் அதிர்ந்து முழங்கால்வரை ஏறும். அங்கே பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலக்காரனும் நானும் ஒரே அளவில்தான் விளங்கிக்கொண்டோம்.

அதே 1997இல், அதே மைல் எண்டில், சென் லோறன் வீதியின் பழைய நெசவுத் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு யுபிசொஃப்ட் வந்தது. அரசு சம்பள மானியம் கொடுத்து அழைத்து வந்த வீடியோ கேம் கொம்பனி. ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கோப்பிக் கடைகள் வந்தன, பிறகு வீடுகள், பிறகு வீட்டு விலை. இசைக்காரர்கள் இருக்கும் பகுதி என்ற பெயரே விளம்பரமானது. 2004இல் ஆர்கேட் ஃபயர் ஹோட்டல் டூ டாங்கோவில் பதிந்த 'ஃபியூனரல்' உலகம் முழுக்கப் போனபின் அந்தப் பெயருக்கு இன்னும் கிராக்கி. அம்மா வேலை செய்த டு காஸ்பே கட்டடங்கள் 2011இல் கைமாறின. அங்கிருந்த கலைஞர்கள் சங்கம் அமைத்துப் போராடி ஒரு பகுதியை 30 வருடக் குத்தகையில் காப்பாற்றினார்கள். தையல்காரப் பெண்களுக்காக அப்படி ஒரு சங்கமும் எழும்பவில்லை. அதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனுக்கும் தெற்கே உள்ள பகுதிகளுக்கும் நடுவில் தண்டவாளம். வேலிக்குள் யாரோ வெட்டிய ஓட்டையால் நாங்கள் குனிந்து போய்வருவோம். ரயில் கொம்பனியின் பொலிஸ் பிடித்தால் தண்டம். மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் 2019இல் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் திறந்த பிறகு மேலால் நல்ல பாலம் ஒன்று வந்தது. பாலத்தால் இந்தப்பக்கம் வாடகையும் ஏறி வந்தது. எங்கள் பழைய மாடிவீட்டில் இப்போது தமிழ்க் குடும்பம் இல்லை.

சத்தத்தால் புகழ்பெற்ற நகரத்தில் மண்டபங்களை மூடவைப்பதும் சத்தம்தான். சென் லோறனில் டிவான் ஒறாஞ், இரைச்சல் தண்டங்களோடு மல்லுக்கட்டி 2018இல் மூடியது. 1913இல் அரங்காகத் திறந்த கட்டடத்தில் இயங்கிய லா டுலிப், பக்கத்துக் கட்டடத்தை வாங்கிய ஒருவரின் வழக்கால் 2024 செப்ரெம்பரில் கதவைச் சாத்த வேண்டிவந்தது. அரங்கு முதலில் வந்தது, குடியிருப்பு பிறகு வந்தது. பிறகு வந்தவர் தன் சுவரைத் தடிப்பாக்க வேண்டும் என்பதுதான் நியாயம். இதை நகரசபைக் கூட்டத்திலும் சொல்வேன்.

கொட்ஸ்பீட் இன்னும் வாசிக்கிறார்கள். 2013இல் பொலாரிஸ் இசைப் பரிசாக 30,000 டொலர் கிடைத்தபோது, இசைக்காரரைப் போட்டிக்கு விடும் ஆடம்பர விழாவைக் கண்டித்து அறிக்கைவிட்டு, கியூபெக் சிறைக் கைதிகளுக்கு வாத்தியம் வாங்கக் காசைக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். அந்த வருடம்தான் கனடா ஒரு சதக் காசைப் புழக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கியது. 2024இல் வந்த இசைத்தட்டுக்குப் பெயரே வைக்கவில்லை. பெப்ரவரி 13ஆம் தேதியையும் அன்றுவரை காசாவில் இறந்தவர்களின் எண்ணிக்கையான 28,340ஐயும் மட்டும் போட்டார்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எண்ணியாவது வைச்சிருக்கினம்" என்றார். இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதத்துக் கணக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

இளையவர்களில் பிக் பிரேவ் குழுவைக் கேட்கச் சொல்வேன். மூன்றே பேர். ஒரே ஒரு சுருதியை மலையளவு கனமாக்கி நிமிடக்கணக்கில் நிறுத்திவைப்பார்கள். 2021இல் வந்த 'வைட்டல்' வெள்ளையரல்லாத ஒருவர் அன்றாடம் தாங்கும் சின்னச் சின்ன அவமானங்களைப் பற்றியது. கொட்ஸ்பீட்டின் பாஸ் கிற்றார்காரர் மௌரோ பெஸென்ரே, கீவா ஸ்டிமாக்கோடு சேர்ந்து 2000இல் தொடங்கிய காஸா டெல் பொப்போலோவும், வீதிக்கு எதிர்ப்பக்கம் உள்ள சாலா ரோஸாவும்தான் இந்த இசைக்கு வீடுகள். சாலா ரோஸா 1930களில் யூதத் தொழிலாளர் சங்கத்துக்காகக் கட்டியது, பிறகு ஸ்பானிய சமூக மன்றத்தின் கைக்கு வந்தது. குடியேறியவர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராகக் காத்த கட்டடம் என்பதால்தான் அங்கே இன்னும் மேடை இருக்கிறது என்று நினைக்கிறேன். 2001இலிருந்து சுவோனி பெர் இல் பொப்போலோ விழாவுக்கும் அதுதான் தாய்வீடு. மொன்றியலுக்கு வந்தால் அங்கே போங்கோ. காதடைப்பான் கொண்டுபோங்கோ. முன்வரிசையில், டிரம்ஸுக்கு நேரே நில்லுங்கோ.