தேய்ந்தது எவ்வளவு?

கேள்வி: முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்துத் 'தேய்மானம்' என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தது என்று தெரிந்துவிடுமா?
– வாசகர், போலகம்

பதில்: ஓரளவு தெரியும். தெரிந்து என்ன செய்வதாக உத்தேசம்? தேய்வது குருத்தெலும்பு; அது எக்ஸ்ரேயில் விழுவதே இல்லை. வாசல் செருப்பைப் பார்த்து வீட்டில் ஆள் இருப்பதைச் சொல்வதுபோல, எலும்புகளுக்கு நடுவே உள்ள சந்தின் அகலத்தை வைத்து ஊகிக்கிறார்கள். மூட்டுக்குள் இருக்கும் பிறைச்சவ்வு நகர்ந்தாலும் அந்தச் சந்து குறுகும். எம்.ஆர்.ஐ. குருத்தெலும்பையே காட்டும், தடிமனையும் அளக்கலாம். ஆனால் ஓராண்டில் தேய்வது பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம்தான். அதனால்தான், அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய முழங்கால் தேய்மான ஆய்வில் 4,796 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். "அப்படியானால் எம்.ஆர்.ஐ.தானே மேல்?" ஆய்வாளருக்கு மேல், உங்களுக்கு? அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில், எக்ஸ்ரேயில் தேய்வு தெரியாத, 50 வயது தாண்டிய 710 பேரின் முழங்காலை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவு: 89 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கோளாறு. வலியே இல்லாதவர்களும் அதில் அடக்கம்! குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. வலி அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலிருந்து வருகிறது. மூட்டு பூட்டிக்கொண்டாலோ, அடிபட்டாலோ, காய்ச்சலோடு வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். ஸ்கேனை அவர் முடிவு செய்வார். மற்றபடி, காரைக்கால் அம்மையாரைப்போல் தலையால் நடக்கும் உத்தேசம் இல்லையென்றால், தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுங்கள், எடை கூடுதலென்றால் குறையுங்கள். ஸ்கேன் காசு மிச்சம்.