கிளப் இல்லாத கிளப் கிண்ணம்

ஐரோப்பாவின் காற்பந்துக் கிளப் கிண்ணம் வீம்பில் பிறந்தது. 1954 டிசம்பரில் இங்கிலாந்தின் உல்வ்ஸ் அணி ஹங்கேரியின் ஹொன்வேத் அணியை வென்றது. உடனே இங்கிலாந்துப் பத்திரிகைகள் அதற்கு உலகச் சாம்பியன் பட்டம் கட்டிவிட்டன. பாரிசில் ‘லெக்கிப்’ பத்திரிகையில் இருந்த கேப்ரியல் ஹனோவுக்கு இது பொறுக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆள் என்றால் எல்லார் ஊருக்கும் போய் ஆடிக் காட்டட்டுமே என்று எழுதினார். 1955இல் போட்டி தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், வாய்ச்சவடால் விட்ட இங்கிலாந்தின் அந்த வருடச் சாம்பியன் செல்சி போகவே இல்லை. ‘உள்ளூர் ஆட்டம் கெட்டுவிடும்’ என்று லீக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். முதல் ஐந்து கிண்ணங்களையும் ரியால் மாட்ரிட் அள்ளிக்கொண்டு போனது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசியாவுக்கு ஆசை வர 12 வருடமானது. 1967இல் நாமும் ஒன்று நடத்துவோம் என்று இறங்கினார்கள். ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் அப்போது வேறு யாருமல்ல, நம் மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான்தான். காலையில் நாட்டை ஆள்வார், மாலையில் பந்தை ஆள்வார்.

எண்ணம் நல்ல எண்ணம்தான். ஒரே ஒரு குறை: கிளப் சாம்பியன்களுக்கான கிண்ணத்துக்குக் கிளப் என்று சொல்லிக்கொள்ள ஆசியாவில் அதிகம் பேர் இல்லை. முதல் நான்கு போட்டிகளில் யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். தாய்லாந்திலிருந்து ஒரு வங்கி வந்தது. தென்கொரியாவிலிருந்து முதலில் ஒரு டங்ஸ்டன் சுரங்கக் கம்பெனி, அப்புறம் உளவுத்துறை, அதற்கப்புறம் ராணுவம். உளவுத்துறை என்று நான் கதை விடவில்லை. 1966 உலகக் கிண்ணத்தில் வடகொரியா ஊரைக் கலக்கியதும், தெற்கே இருந்த உளவுத்துறை பொறுக்க முடியாமல் 1967இல் யாங்ஜி என்ற பெயரில் சொந்தமாக ஒரு அணியையே கட்டிவிட்டது. ஈராக்கிலிருந்து போலீஸ் வந்தது. இந்தியாவிலிருந்து மைசூரும் வங்காளமும் மாநிலமாகவே வந்தன. மலேசியா அனுப்பியதும் மாநிலங்களைத்தான்: சிலாங்கூர், பேராக்.

கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தப் பட்டியல் புதிதாக இருக்காது. ஈஜோக்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை வரைக்கும் நாம் பார்த்த பந்து விளையாட்டு இதேதான். (பெஸ்தாரி ஜெயா என்று 2007இல் பெயர் மாற்றினார்கள். பஸ்ஸில் ஏறுகிறவர்களின் வாய் இன்னும் மாறவில்லை.) பால் ஸ்டோருக்கு ஒரு அணி, ஆபீஸ் கிராணிமாருக்கு ஒரு அணி, டிரசர் தலைமையில் ஆஸ்பத்திரிக்கு ஒன்று. பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பேரை இரவல் வாங்கி, புதுப்பெயர் சூட்டி இறக்குவார்கள். அவன் பெயரை அவனே மறந்து, நடுவர் கூப்பிடும்போது திரும்பிப் பார்க்காமல் நிற்பான்; அங்கேதான் பிடிபடுவான். உடனே தோற்ற அணி பிராது கொடுக்கும். பிராதுக்குக் கட்டணம் உண்டு. பிராது செல்லாவிட்டால் அந்தப் பணம் கமிட்டியின் தேநீர்ச் செலவுக்கு. ஜெயித்தவர்களுக்குக் கிண்ணத்தோடு ஒரு ஆடு. கிண்ணம் ஆபீஸ் அலமாரிக்குப் போகும், ஆடு எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இந்த வட்டாரம் எதையும் முதலில் செய்து பார்த்துவிடும். மலாயாவில் வியாபாரத்துக்கென்று செம்பனை முதலில் நடப்பட்டது 1917இல், இங்கேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் தொரை. அவர் பிற்பாடு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் வாங்கினார். செக்ரோல் தவிர வேறு எதையும் எழுதிய தொரை என்று எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். ஆசியாவின் முதல் கிண்ணத்திலும் நம் சிலாங்கூர் இருந்ததில் என்ன அதிசயம்?

1967இல் சிலாங்கூர் வழியில் நின்றவர்களையெல்லாம் வென்று, பாங்காக்கில் இறுதியாட்டத்துக்குப் போய் நின்றது. எதிரே இஸ்ரேலின் ஹாப்போயல் டெல் அவிவ். சுற்றுக்குச் சுற்று ஆளில்லாமல் ‘பை’ கிடைத்து, வியர்க்காமல் நேராக இறுதிக்கு வந்து இறங்கிய அணி அது. டிசம்பர் மாதம், 2-1. கிண்ணம் டெல் அவிவுக்குப் போனது. ஒரே ஆட்டம் ஆடி ஒரு கண்டத்துக்கே சாம்பியன்! இன்று நம் கடப்பிதழில், இஸ்ரேலைத் தவிர எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று அச்சடித்திருக்கிறது. போக முடியாத அந்த ஒரே ஊரில்தான் நம் கிண்ணம் இருக்கிறது.

ஆண்டுதோறும் நடக்கும் கிண்ணம் என்றார்கள். அடுத்த ஆண்டே நடக்கவில்லை. 1969இல் மக்காபி டெல் அவிவ், அந்த உளவுத்துறை அணியை 1-0 என்று வென்றது. 1970இல் தெஹ்ரானில் லெபனானின் ஹோமென்ட்மென், ஹாப்போயலோடு அரையிறுதி ஆடமாட்டேன் என்று நின்றுகொண்டது. இறுதியில் ஈரானின் தாஜ் 2-1 என்று ஹாப்போயலை மடக்கியது. உச்சக் காட்சி 1971இல், மறுபடியும் பாங்காக்கில். ஈராக் போலீஸ் அணியான அலியாத் அல்-ஷுர்தா, குழுச் சுற்றிலேயே மக்காபி டெல் அவிவோடு ஆட மறுத்தது. விதி விடவில்லை, இருவரையும் இறுதியாட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. ஈராக் மறுபடியும் மறுத்தது. கமிட்டி கிண்ணத்தை மக்காபிக்குக் கொடுத்துவிட்டது. வந்ததற்கு ஏதாவது ஆடவேண்டுமே என்று மக்காபிக்காரர்கள் உள்ளூர் அணி ஒன்றோடு நட்பாட்டம் ஆடித் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். ஈராக் அணிக்கோ பாக்தாத்தில் திறந்த பஸ்ஸில் ஊர்வலம். ஒரு இறுதியாட்டம், ஒரு பந்துகூட உதைபடவில்லை, இரண்டு வெற்றி விழா. எங்கள் தோட்டத்துக் கமிட்டிகூட இந்த உயரத்தைத் தொட்டதில்லை.

1972இல் போட்டியே ரத்து. 1974இல் இஸ்ரேலைச் சம்மேளனத்திலிருந்து வெளியேற்றினார்கள். கிண்ணத்தைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, 1985 வரைக்கும் யாரும் எடுக்கவில்லை.

என் வயிற்றெரிச்சல் இங்கேதான். அந்தத் தூக்கக் காலத்தில் சிலாங்கூர் எப்படி இருந்தது? முன்னால் மொக்தார் டஹாரி. பின்னால் சந்தோக் சிங். வலைக்கு முன்னால், நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கூப்பிட்ட ஆர். ஆறுமுகம். 1972 முதல் 1984 வரை ஒன்பது முறை மலேசியக் கிண்ணம்! ஆசியாவில் எவனையும் பிடித்து உலுக்கக்கூடிய அணி கையில் இருந்தபோது, உலுக்குவதற்கு ஆசியாவில் போட்டி இல்லை. கிண்ணம் கண்விழித்தபோது அந்தத் தலைமுறை காலணியைக் கழற்றத் தொடங்கியிருந்தது. 1986இல் தென்கொரியாவின் டேவூ ராயல்ஸ் சாம்பியன். அதன்பின் பெயர் மாறிக்கொண்டே வந்தது, பணமும் பெருகியது. ஜப்பான், கொரியா, சவூதி என்று பெரிய வீட்டுக் கல்யாணமாகிவிட்டது. இரண்டாந்தரக் கிண்ணத்தை 2015இல் துஷான்பேயில் ஜொகூர் 1-0 என்று வென்றதை நான் மறைக்கவில்லை, ஜொகூர்க்காரர்கள் மறைக்க விடவும் மாட்டார்கள். ஆனால் முதல்தரக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்குப் போன மலேசிய அணி இன்றுவரை ஒன்றே ஒன்று, 1967இன் சிலாங்கூர்.

ஹாப்போயல் என்ன ஆனது? ஆசியாவிலிருந்து வெளியேறிய இஸ்ரேல் ஐரோப்பாவில் சேர்ந்துகொண்டது. 2010இல் அதே ஹாப்போயல் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கில் போர்த்துகலின் பென்ஃபிக்காவை 3-0 என்று அடித்து அனுப்பியது. அப்படியானால் பாங்காக்கில் நம்மை வென்றது யார்? ஐரோப்பிய அணி! அசல் இரவல் ஆள் விவகாரம். புக்கிட் ஜாலிலில் இருக்கும் சம்மேளனத் தலைமையகத்துக்கு நான் ஒரு பிராது எழுதி வைத்திருக்கிறேன்:

‘மதிப்புக்குரிய கமிட்டியாருக்கு. 1967 இறுதியாட்டத்தில் எதிரணி வெளிக்கண்டத்து ஆட்களை இறக்கிவிட்டது இப்போது தெரியவந்துள்ளது. ஆட்டத்தை ரத்து செய்து கிண்ணத்தைச் சிலாங்கூருக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கட்டணம் இணைத்துள்ளோம். கிண்ணத்தைத் திரும்ப வாங்குவதில் சிக்கல் இருந்தால், ஆடு மட்டும் அனுப்பினாலும் சம்மதம்.’