பத்தாயிரம் கட்டிலும் ஒரு கேட்டும்

விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரத்துக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. 1,052 ஏக்கரில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு அறிவித்த ஏழு பூங்காக்களில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது இது. உள்கட்டமைப்புக்கு மட்டும் 1,894 கோடி ரூபாய். நேரடி வேலை ஒரு லட்சம் பேருக்கு. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற சீமையில் இத்தனை கோடியா என்று எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். என் கண்ணில் பட்டது வேறொன்று. அந்தத் திட்டத்தில் தொழிலாளர்களுக்காக 10,000 படுக்கை கொண்ட விடுதியும் இருக்கிறது.

பத்தாயிரம் பேர் தூங்க ஏற்பாடு. நல்ல காரியம். ஆனால் கட்டில் போடுவது காண்ட்ராக்டர் வேலை. அதில் படுத்தவர்கள் விழித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் கெட்டிக்காரர் வேலை. அதற்கு டெண்டர் விட முடியாது, அனுபவம் வேண்டும். கொங்கு நாட்டிலும் திண்டுக்கல் பக்கமும் நூற்பாலைக்காரர்களுக்கு அந்த அனுபவம் நிறையவே உண்டு. அதிகாரிகள் அங்கெல்லாம் போய் அலைய வேண்டாமே என்று, கட்டணம் வாங்காமல் நானே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் ஆள் பிடிக்க வேண்டும். வானம் பார்த்த பூமியாகப் பார்த்துப் போவது உத்தமம். அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, அப்படியே கிழக்கே கமுதி, முதுகுளத்தூர் என்று சுற்றுவட்டாரமே அதுதான். கண்மாய் பெருகாத வருசத்தில் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம். அப்பன் குடிக்கிற வீடு, அப்பனே இல்லாத வீடு, மூத்தவள் கல்யாணக் கடன் அடையாத வீடு என்று பட்டியல் போட்டுக் கொடுக்க உள்ளூரிலேயே ஏஜென்ட் கிடைப்பார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். அவர் பேசுகிற பேச்சை எந்த மேலாண்மைக் கல்லூரியும் கற்றுத்தராது.

"மதினி, புள்ளைய ஆஸ்டல்ல வச்சுக் கண்ணாப் பாத்துக்கிருவாக. மூணு வேளைச் சோறு, டிவி, மாசம் ஒருக்கா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாக. மூணே வருசம். முடிஞ்சா மொத்தமா அம்பதாயிரம். நகைக்கு நீங்க அலைய வேணாம்."

"வயசு பதினாறுதானய்யா ஆகுது?"

"அதெல்லாம் சர்டிபிகேட்ல பாத்துக்கிடலாம், விடுங்க."

மதினி சமாதானமாகிவிடுவார். மகளை யாரும் கேட்பதில்லை. வேன் வாசலில் நிற்கும்.

அடுத்தது பணம். கையில் கொடுத்துவிடக் கூடாது, கண்ணில் காட்ட வேண்டும். சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று நூற்பாலைகள் இதற்கு வைத்த பெயர்களைக் கேட்டால் அறநிலையத் துறை நடத்துகிறதோ என்று சந்தேகம் வரும். மூன்று ஆண்டு முடித்தால் மொத்தத் தொகை. 50,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 1,389 ரூபாய், நாளுக்கு 46 ரூபாய்கூட முழுசாக வராது. அதுவும் அவள் கூலியைக் குறைத்துக் கொடுத்து மிச்சம் பிடித்த காசு. மருமகளின் உண்டியலை உடைத்து அவளுக்கே சீர் செய்கிற தாய்மாமனை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சீரும் சும்மா வராது. இரண்டு வருசம் பதினோரு மாதத்தில் மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போய்விட்டால் ஒப்பந்தம் முறிந்தது, தொகை போனது. இந்த நாட்டில் 1976-இலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டால் குற்றம் என்று ஊருக்கே தெரியும். அவள் பணத்தையே பிடித்துவைத்துக் கட்டிப்போட்டால் அது நலத்திட்டம்.

மூன்றாவது, ஏட்டில் எழுதும் விதம். தப்பித் தவறியும் அவளைத் தொழிலாளி என்று எழுதிவிடாதீர்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி என்று 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. வார விடுப்பை எல்லாம் கழித்தாலும் இரண்டு ஆண்டில் 626 நாள் ஆகிவிடும். ஆகவே 'பழகுநர்' என்று எழுதுங்கள். மூன்று வருசமும் அவள் பழகிக்கொண்டே இருக்கிறாள். எதை? ரிங் ஃபிரேமில் அறுந்த நூலை ஒட்டுவதையும், நிரம்பிய பாபினைக் கழற்றிக் காலிப் பாபினை மாட்டுவதையும். ஐடிஐயில் ஃபிட்டர் படிப்பு இரண்டு வருசம். அறுந்த நூலை ஒட்டும் படிப்பு மூன்று வருசம்! எங்கள் ஊர்ப் பெண்கள் அவ்வளவு மக்கு என்று மில்காரர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். உற்பத்திக்கு இலக்கு வைக்கும்போது மட்டும் முதல் மாதத்திலேயே அவர்கள் கைதேர்ந்தவர்களாகிவிடுவார்கள்.

நான்காவது, கேட். இங்கேதான் உங்கள் பத்தாயிரம் கட்டிலின் உயிர் இருக்கிறது. போன் வார்டன் அறையில் இருக்கட்டும். வீட்டோடு பேசும்போது வார்டன் பக்கத்தில் நிற்கட்டும். வெளியே போக கேட் பாஸ். அதற்கு ஊரிலிருந்து அப்பாவே வர வேண்டும். கடைவீதிக்குப் போனால் வரிசையாக, கூடவே ஒரு காவல் ஆள். கேட்டால் 'பாதுகாப்பு' என்று சொல்லுங்கள். பொம்பளைப் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்றால் எந்தத் தகப்பனும் மறுபேச்சுப் பேச மாட்டான். வெளியே ஆம்பளைகள் திரிகிறார்கள் என்று சொல்லி உள்ளே வைத்துப் பூட்டலாம். உள்ளே சூப்பர்வைசர் இருக்கிறாரே என்று எவரும் கேட்கப் போவதில்லை.

மாதவிலக்கு வலி வந்து ஒரு பெண் உட்கார்ந்துவிட்டால் உற்பத்தி குறையுமே என்று கவலைப்பட வேண்டாம். அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் சுமார் நூறு பெண்களிடம் பேசினார்கள். அத்தனை பேருக்கும் வேலையிடத்திலேயே மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது. அட்டையில் பெயர் இல்லை, விவரம் இல்லை. டாக்டர் சீட்டு எதற்கு, சூப்பர்வைசர் இருக்கும்போது? கற்பனைக் கதைகளில் வருகிற கொடுங்கோல் அரசுகள் குடிமக்களை அடக்க மாத்திரை தயாரிக்கப் படாத பாடு படும். நம் ஆட்கள் லேபிளைக் கிழித்ததோடு வேலையை முடித்துவிட்டார்கள்.

இதெல்லாம் ஒன்றிரண்டு கெட்ட மில்லில் நடப்பது என்று சொல்ல ஆசையாக இருக்கும். 2016-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இந்தியா கமிட்டி 743 தென்னிந்திய நூற்பாலைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. நவீன அடிமைத்தனத்தின் ஏதோ ஒரு வடிவம் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் இருப்பதாக அது சொன்னது. அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்காதீர்கள், செய்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த வேலை நேர வரம்பைத் தளர்த்தி, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. ஊரே கொதித்த பிறகு, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தது. கொடுத்ததும் நாங்கள்தான், எடுத்ததும் நாங்கள்தான் என்று இரண்டு பக்கமும் கைதட்டல் வாங்கிக்கொண்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டும் சில பெண்கள் விழித்துக்கொள்கிறார்கள். தொழிலில் இருக்கிற ஒரே பெரிய நஷ்டம் அதுதான். யாரும் மேடை போட்டுப் பேசி எழுப்புவதில்லை. எந்த ஆஸ்டலிலும் நடக்கக்கூடிய காரியம் இது: இரவு ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறாள். புருவத்திலும் முடியிலும் பஞ்சு. குளிக்கத் தண்ணீர் வரிசை நீளமாக இருப்பதால் கட்டிலில் உட்கார்ந்து சம்பளச் சீட்டைப் பார்க்கிறாள். மெஸ் பிடித்தம் என்று ஒரு கட்டம். சோறு இலவசம் என்றல்லவா ஏஜென்ட் மாமா சொன்னார்? பிஎஃப் என்று இன்னொரு கட்டம். அந்த நம்பரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஓவர்டைம் கட்டம் காலியாக இருக்கிறது; போன வாரம் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தாளே? சீட்டைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் கூட்டிக் கழிக்கிறாள். விடை சரியாக வரவில்லை. மறுபடியும் போடுகிறாள். பிறகு பக்கத்துக் கட்டிலைத் தட்டிக் கேட்கிறாள்: "ஏடி, ஒனக்கு எம்புட்டு?"

இந்தக் கேள்வியைத் தடுக்கத்தான் போனைப் பிடுங்குகிறார்கள், கேட்டைப் பூட்டுகிறார்கள், ஆளுக்கொரு கட்டத்தில் ஆளுக்கொரு கணக்கு எழுதுகிறார்கள். ஒருத்தி மற்றொருத்தியிடம் சம்பளத்தைச் சொல்லிவிட்டால் அன்றைக்கே பாதி மாயம் கலைந்துவிடும்.

விழிப்பு என்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், பதினாறு வயதில் மதுரையில் இருந்தபோது, தான் யார் என்று தன்னையே விசாரித்தார். 1896 ஆகஸ்டில், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதியை வைத்துவிட்டு, ஒரு சீட்டெழுதிவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயிலேறினார். உலகம் அவரை ரமண மகரிஷி என்று வணங்கியது. அதே திருச்சுழிப் பக்கத்துப் பதினாறு வயதுப் பெண் "என் சம்பளம் எங்கே?" என்று விசாரித்தால், முதலில் வார்டன் திட்டுவார், பிறகு அப்பாவுக்குப் போன் போகும், 'உங்க புள்ள நடத்தை சரியில்ல' என்று. அவள் ரயிலேற வேண்டுமானால் கேட் பாஸ் வேண்டும், அப்பா கையெழுத்து வேண்டும், வாட்ச்மேன் மனசு வைக்க வேண்டும். ஞானத்துக்கும் கேட் பாஸ் கேட்கிற காலம்.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை, பூங்கா கட்டுபவர்களுக்கு. பெண் பிள்ளைகளை ஆலை விடுதியில் வைத்து வேலை வாங்கும் யோசனை உங்களுக்கு முன்பே அமெரிக்காவில் லோவல் நகர முதலாளிகளுக்கு வந்தது. விவசாயிகளின் மகள்கள், கம்பெனி விடுதி, ஒழுக்கம் காக்க ஒரு காப்பாளர், இரவு பத்து மணிக்குக் கதவடைப்பு, எல்லாம் உண்டு. 1836-இல் விடுதிக் கட்டணத்தை உயர்த்தினார்கள். பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு தளத்தில் பெரிய பெண்கள் போகலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றபோது, பாபின் மாற்றும் வேலையில் இருந்த பதினோரு வயது ஹாரியட் ஹான்சன், யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்று முன்னால் நடந்தாள். பின்னாலேயே வரிசை வந்தது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? விடுதி நடத்திக்கொண்டிருந்த அவளுடைய விதவைத் தாயின் வேலையைப் பறித்தது. மகளை அடக்கத் தெரியவில்லையாம்.

அமெரிக்கா தூரம் என்றால் திண்டுக்கல் பக்கம்தான். அங்கே ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஆலையின் சூப்பர்வைசர் மீது கொலை வழக்கு. பெண்கள் முன்னின்று நடத்தும் டிடிசியு என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனமும் எச் அண்ட் எம் என்ற உலக பிராண்டும் கையெழுத்துப் போட்டு உடன்பாட்டுக்கு வர வேண்டியதாயிற்று. வேலைத் தளத்திலேயே தொழிலாளப் பெண்கள் கண்காணிப்பாளர்களாக நிற்கவும், புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் இருக்கவும் அதில் வழி பிறந்தது. ஒரு பெண் சாகாமலே அதைச் செய்திருக்க முடியாதா என்று அந்தக் கையெழுத்துக்களிடம் யாரும் கேட்கவில்லை.

குமாரலிங்கபுரத்தில் எத்தனை அந்நியக் கொம்பன்கள் முதலீடு போட்டாலும், அந்தக் கட்டில்களில் படுக்கப் போவது எங்கள் வீட்டுப் பெண்கள். ஆகவே கிண்டலை இத்தோடு நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். விடுதிச் சாவி ஆலைக்காரர் கையில் இருக்கக் கூடாது. வார்டனுக்குச் சம்பளம் மில் கொடுக்கக் கூடாது. போன் அவளிடம் இருக்க வேண்டும். கூலி மாதாமாதம் அவள் கணக்கில், அவள் பெயரில், முழுசாக விழ வேண்டும். கல்யாணத்துக்கு எடுத்து வைப்பதா வேண்டாமா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள். 18 வயது ஆனவளுக்கு வெளியே போக எவர் கையெழுத்தும் தேவையில்லை. சங்கத்துக்காரர்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வரலாம் என்று பலகை மாட்ட வேண்டும்.

1,894 கோடியில் இதற்கெல்லாம் ஒரு கோடி ஆகாது. அப்படியும் மறுத்தால், காசில்லாமல் மறுக்கிறீர்கள் என்று நம்ப நாங்கள் தயாரில்லை. கேட் திறந்திருந்தால் முறையான கூலி கொடுத்தாக வேண்டும், அதனால் மறுக்கிறீர்கள். பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் ஆண்டுக்கணக்கில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. கணக்கில் ஏமாற்ற வேறு ஊரைப் பாருங்கள்.