முதுகுக்கு ஒரு கண்ணு

ஏலே பேராண்டி, வா, இப்படித் திண்ணையில உக்காரு. ஒன் சைக்கிள் சீட்டுக்கு அடியில செவப்பா மினுக்குதே, அது என்னன்னு ஒங்க அம்மாகிட்ட கேட்டேன். ராடார் லைட்டாம், பின்னால வார வண்டியைச் சொல்லுமாம். வெலையையும் சொன்னா. அந்தத் துட்டுக்கு ரெண்டு வெள்ளாடு பிடிச்சிருக்கலாம். வண்டி வந்தா அதுவுந்தான் கத்தும்.

மூஞ்சியைத் தூக்காத. எங்க காலத்துல லைட்டு இல்லாம ராத்திரி சைக்கிள்ல போனா போலீஸ்காரன் பிடிச்சுக் கேஸ் எழுதுவான். டைனமோவை டயர்ல சாய்ச்சுவிட்டு மூச்சு வாங்க மிதிச்சாத்தான் முன்னால ஒரு மங்கல் வெளிச்சம் விழும். பின்னால? மட்கார்டுல ஒரு செவப்புச் சில்லு, அதுக்கு மேல அய்யனார்.

நெசமாவே கெட்டிக்காரச் சாமான்தான். தென்னாப்பிரிக்காவுல ஐகுபுன்னு ஒரு கம்பெனி யோசிச்சதாமே. 2015-ல கார்மின்காரன் அந்தக் கம்பெனியையே வாங்கி, வேரியான்னு பேரு வச்சுச் சந்தைக்குக் கொண்டாந்துட்டான். பின்னால வண்டி 140 மீட்டர் தூரத்துல வரும்போதே ஹேண்டில்பார் திரையில புள்ளி தெரியும், பீப்புன்னு கத்தும், லைட்டும் வேற மாதிரி வெட்டும். நானும் கணக்குப் போட்டுப் பாத்தேன். நீ 20-ல மிதிக்கே, லாரிக்காரன் 80-ல வாரான். ஒன்னைப் பிடிக்க அவனுக்கு 8 செகண்டு. வெத்தலையை ஒரு கன்னத்துல இருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்குற நேரம். ஒதுங்குறவனுக்கு அது போதும். திரையைப் பாத்து "ஆகா, வருது வருது"ன்னு ரசிக்கவனுக்குத்தான் காணாது.

அது சரி, சாமி குடுத்த ரெண்டு காதும் சும்மாத்தானே இருந்துச்சு? அதுல பாட்டை வச்சு அடைச்சிட்டு, துட்டைக் குடுத்து மூணாவது காது வாங்கிருக்கியே, ஒன் சாமர்த்தியம் யாருக்குல வரும்? ஆனா ஒண்ணை ஒத்துக்கிடணும். எதுகாத்து அடிக்கையில எந்தக் காதுக்கும் ஒண்ணும் கேக்காது. இப்ப வாற கரண்டு காரு வேற பூனை மாதிரி வருது. அங்கதான் இதுக்கு வேலை.

அது சொல்லாததையும் கேட்டுக்கோ. வண்டி வருதுங்கும், ஒன்னை விட்டு விலகிப் போவானா, முழங்கையை உரசிட்டுப் போவானான்னு சொல்லாது. வளைவுக்கு அங்கிட்டு வாரவனும் தெரிய மாட்டான். பஜாருக்குள்ள போனா முன்னூறு வண்டிக்கும் கத்தி ஒன் உயிரை எடுக்கும். இன்னொண்ணு, நம்ம கோவில்பட்டி நாலுவழிச்சாலையில ஆளை அடிக்கிறவன் பின்னால இருந்துதான் வரணும்னு சட்டமா இருக்கு? பால்கேனைத் தொங்கவிட்டுக்கிட்டு, சுத்திப் போகச் சோம்பேறித்தனப்பட்டு, ராங் சைடுல எதுத்தாப்புல வருவானே மவராசன், அவனுக்கு எந்த ராடாரை மாட்டப் போறே? தலையைத் தூக்கி ரோட்டைப் பாருலே. அதுக்கு சார்ஜ் ஏத்த வேண்டாம்.

சரி, அதைக் கழட்டி ஒரு நாளைக்கு எனக்குக் குடு. டீக்கடைக்குப் போகையில அரைஞாண்ல மாட்டிக்கிடுதேன். சீட்டுப்பணம் கேட்டு ஒருத்தன் பின்னாலயே அலையுதான். என்னலே சிரிக்கே? நம்ம வேகத்துலயே வாரவனை அது காட்டாதா? நாசமாப் போச்சு, அவனும் என்னைய மாதிரியே நொண்டி நொண்டித்தான் வருவான்!