பயணத்துக்கு நிற்கும் மாப்பிள்ளை

கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையில் ஒருவர் "பயணத்துக்கு நிக்கிறார்" என்றால் பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, மெடிக்கல் முடிந்துவிட்டது, விசா மட்டும் மருதானை ஏஜென்சிக்காரரின் வாயில் இருக்கிறது என்று பொருள். பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, சாய்ந்தமருது என்று தெற்கே நடந்தால் தெருவுக்கு ஒருவராவது இப்படி நின்றுகொண்டிருப்பார். பழைய வேலையை விட்டுவிட்டார், புதிய வேலை தொடங்கவில்லை. பள்ளிவாசலடியில் யார் கேட்டாலும் "இன்ஷா அல்லாஹ், வாற கிழமை" என்கிறார். அந்த வாற கிழமை நோன்புக்கு முன்னும் இருந்தது, பெருநாள் கழிந்த பிறகும் இருக்கிறது. பாவம், குடும்பத்தைப் பிரியப் போகிறார் என்று ஊர் இரங்குகிறது. இரங்கட்டும். ஆனால் அவருடைய நடமாட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் கணக்கு வேறாக இருக்கிறது. அவர் குடும்பத்துக்குள் முழுதாக நுழைவதே இந்தச் சில மாதங்களில்தான். வாசற்படி இறங்கப்போகும் நேரத்தில்தான் வீட்டுக்கு அதிபதியாகிறார். கலங்கிய கண்ணோடு மனைவியிடம் அவர் ஒப்படைக்கும் பொறுப்புகளில் ஒன்றுகூட அதற்கு முன் அவர் கையில் இருந்ததில்லை.

இதற்குச் சான்று இந்தக் கரையின் கல்யாண முறையிலேயே இருக்கிறது. இங்கே தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறார். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். குடி என்னும் குலமுறை தாய்வழியில் வருகிறது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2008இல் கனத்த புத்தகமாகவே இதை எழுதினார். எந்த மாமியைக் கேட்டிருந்தாலும் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம். 2004 சுனாமிக்குப் பின் புதிய வீடுகளுக்கான படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் ஆண்களின் பெயர் ஏறத் தொடங்கியபோது, பெண்களின் வீட்டுரிமை என்னாவது என்ற கேள்வி இந்தக் கரையில் எழுந்தது. அதாவது இங்கே மருமகனைத் தலைவராக்கியது படிவம்தான். உப்புப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டே பத்து வருடம் வாழ்ந்தவர் அவர். வளைகுடாவில் கபீல் என்ற பொறுப்பாளரின் கீழ் இருப்பது எப்படி என்று ஏஜென்சிக்காரர் அவருக்குப் பாடம் எடுப்பது வீண்வேலை. அவருடைய முதல் கபீல் மாமிதான்.

இப்படிப்பட்டவருக்கு விசா வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்ததும் வீட்டின் மேல் ஓர் உரிமை பொங்குகிறது. வருடக்கணக்காகச் சொட்டிய குசினிக் குழாய்க்கு ஒரே மாலையில் வோஷர் வாங்கி வருகிறார். தகரத்தில் ஏறி ஓட்டை பார்க்கிறார். கிணற்று மோட்டரை எப்படிப் போடுவது என்று, அதைத் தினமும் காலையில் போடும் பெண்ணுக்கே செய்து காட்டுகிறார். பிறகு ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, கரண்ட் பில், தண்ணி பில், சீட்டுக் காசு, டியூஷன் காசு என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்குகிறார். "இஞ்சேருங்க, கரண்ட் பில் போன கிழமையே கட்டியாச்சி" என்கிறாள் மனைவி. "கட்டினது சரி புள்ள, மாசா மாசம் கட்டணும் எண்டத மறந்திராத" என்கிறார், இதுவரை ஒரு பில்லையும் கண்ணால் பாராதவர். இரவில் பிள்ளையின் படிப்பை விசாரிக்கப் புறப்பட்டு, "இப்ப எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்டு, பதிலைக் கொப்பியில் குறித்துக்கொள்கிறார். நொத்தாரிசிடம் போய் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுப்பது இந்தச் சடங்கின் உச்சம். மோட்டர் சைக்கிளைத் தவிர அவர் பெயரில் வேறு எதுவும் இல்லை என்பதால் அந்தப் பத்திரம் சுருக்கமாகவே இருக்கும். இத்தனைக்கும் அவள் தலையாட்டிக்கொண்டே நிற்கிறாள். அது அறியாமையால் அன்று. எதையாவது ஒப்படைத்த திருப்தி இல்லாமல் இந்த மனிதர் பஸ் ஏறமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

அதிகாரம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைப் பயணப் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். விமான டிக்கட்டில் 30 கிலோ என்று போட்டிருக்கிறது. அவர் கேட்பது இரண்டு மருதமுனைச் சாரன், நாலு சேர்ட், சவரச் சாமான், ஒரு சப்பாத்து. உள்ளே போவதோ மாசி, வறுத்து இடித்த கொச்சிக்காய்த் தூள், அரிசி மா, நெத்தலிக் கருவாடு, மாமி தன் கையால் கிண்டிய தொதல். கருவாட்டை ஐந்து பத்திரிகையில் சுற்றி, அதன் மேல் மூன்று பொலித்தீன் போட்டு, டேப் ஒட்டுகிறார்கள். ஆனாலும் கட்டுநாயக்க போகும் வரைக்கும் அது தன் இருப்பை வாகனம் முழுவதற்கும் அறிவித்துக்கொண்டே வரும். இதற்கிடையில் அடுத்த வளவு ராத்தா தோஹாவில் இருக்கும் மகனுக்கு "சின்னதா ஒரு பார்சல்" கொண்டுவருகிறார். அந்தச் சின்னது மூன்று கிலோ. மறுக்க முடியாது, இவர் போன பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட வரப்போவது அந்த ராத்தாதான். மீன் வியாபாரியிடம் இரவல் வாங்கிய தராசில் பெட்டியைத் தொங்கவிட்டால் 34 காட்டுகிறது. எதை எடுப்பது என்று பெண்கள் கூடி ஆலோசிக்கிறார்கள். முதலில் சப்பாத்து வெளியே வருகிறது, அடுத்து இரண்டு சேர்ட். பெட்டிக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நகையை அடகு வைத்துப் பயணம் போகிறவனைப் பார்த்துச் சிரிப்பதா என்று கோபிப்பவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. நாடு நொடித்த 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் பதிந்து வேலைக்குப் போனார்கள். 2024இல் வெளிநாட்டிலிருந்து இலங்கையர் அனுப்பிய பணம் 6.5 பில்லியன் டாலருக்கு மேல். அந்தப் பணத்தில் இந்தக் கரையின் பங்கு என்னவாகிறது என்று பார்க்க வங்கிக்குப் போக வேண்டியதில்லை. அரைகுறையாக நிற்கும் மேல்மாடிகளையும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளையும் பார்த்தால் போதும். மகளுக்கு வீடு கட்டாமல் கல்யாணப் பேச்சு நகராது. மகள் இரண்டென்றால் வீடும் இரண்டு. மகள் இல்லாதவருக்குத் தங்கச்சி இருக்கிறாள். ஆகவே ஒரு மருமகன் பாலைவன வெயிலில் நின்று கட்டுவது, நாளை இன்னொரு மருமகன் பெட்டியோடு வந்து குந்தப்போகும் வீட்டை. இவ்வளவு பாடுபடப்போகிறவர் சில மாதம் கொப்பியும் கையுமாக அதிகாரம் செய்துவிட்டுப் போவது அவருக்குக் கிடைக்கும் முன்பணம் என்றே எடுத்துக்கொள்ளலாம். அதை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. சிரிப்பு அந்த அதிகாரத்தின் அளவைப் பற்றியது.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது: பெண்களும்தானே போகிறார்கள்? போகிறார்கள். சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போகிற தாய் என்ன ஆயத்தம் செய்கிறாள் என்று பாருங்கள். கொப்பி இல்லை, விருந்து இல்லை. கடைசிப் பிள்ளைக்கு எந்தப் பாட்டில் தூக்கம் வரும், எந்த மருந்து ஒத்துவராது என்று தன் உம்மாவிடம் குசினிக்குள் நின்றபடியே சொல்லி முடிக்கிறாள். அங்கே கைமாறுவது மெய்யான பொறுப்பு. அதனால்தான் சடங்குக்கு நேரமில்லை. அரசாங்கமும் என் பக்கமே சாட்சி சொல்கிறது. 2013 முதல் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்பட்டது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வீட்டுவேலைக்குப் போக முடியாது என்றார்கள். 2022இல் அந்த வயதை 2 ஆகக் குறைத்தார்கள். நீ போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்று பிரதேச செயலகத்தில் தாயைக் கேட்கிறார்கள். தகப்பனிடம் அப்படி ஓர் அறிக்கை கேட்கவில்லை. அந்த விதி நியாயமா என்பது தனி வழக்கு. எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் யார் போனால் வீடு ஆடும் என்பதில் சட்டம் எழுதியவர்களுக்குக்கூடச் சந்தேகம் இருக்கவில்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போது படித்த இளம் சோடிகள் லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் சேர்ந்தே போகிறார்கள் என்றும் சொல்லலாம். அவர்களிடமும் இந்த மனிதர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறார். கொப்பிக்குப் பதில் எக்செல் அட்டவணை, மோட்டர் பாடத்துக்குப் பதில் அங்கே போய் எப்படிச் சிக்கனமாக வாழ்வது என்ற வகுப்பு. ஆனால் ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். விசா கணவனின் வேலைக்குக் கிடைத்தால் இந்தக் கரையின் வழக்கமே கவிழ்கிறது: பெண் தன் வீட்டைப் பூட்டி, சாவியை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவன் பெயரில் உள்ள வாடகை அறைக்குக் குடிபோக வேண்டும். மாமிமார் அந்தப் பயணத்துக்கு மட்டும் பத்துக் கேள்வி கேட்பது அதனால்தான். மனைவி தாதியாக இருந்து வேலை விசா அவள் பெயரில் வந்தால் வீட்டில் அமைதி. பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்துவருவதைப் பிரித்தானியா 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. தாதியருக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே கணவர் படிவத்தை எடுத்து, 'தங்கிவாழ்பவர்' என்ற கட்டத்தில் தன் பெயரை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் எழுதுகிறார். அந்தப் படிவத்தில் அவருக்கு விளங்காத கட்டங்கள் பல உண்டு. அது மட்டும் விளங்கிவிடுகிறது.