காயலான் கடைக் குளிர்

சித்தூரில் தெருவுக்கு ஒரு பெரியப்பா இப்படி இருக்கிறார். வாசலில் ஒரு மாருதி 800 நிற்கும். கம்பெனி அந்த மாடலை நிறுத்தியதே 2014-ல். இவருடையது அதற்கும் இருபது வருஷம் மூத்தது. ஏசி கம்ப்ரஸர், லாரியில் மோதிய ஒரு ஜென்னுடையது. கண்டென்ஸர், எஸ்டீமுடையது; இடம் பற்றாமல் பம்பருக்குப் பின்னால் புத்தூர்க் கட்டு மாதிரி பட்டை வைத்து இறுக்கியிருக்கும். 2022-ல் சித்தூரைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினார்களே, அந்தப் பிரிவினை இந்த பானெட்டுக்குள் மட்டும் செல்லவில்லை. கம்ப்ரஸர் சித்தூர், கண்டென்ஸர் திருப்பதி.

கஞ்சத்தனம் என்று நினைத்தால் தப்பு. சென்னைப் புதுப்பேட்டைக்கு பஸ் ஏறி, வாங்கி வந்தது பொருந்தாமல் மறுபடி போய் மாற்றி வரும் செலவுக்குப் புதுசே வந்துவிடும். ஆனால் காசு இருந்தால் புதுசை எவனும் வாங்குவான். அதில் என்ன சாமர்த்தியம்?

உள்ளூர்க் காயலான் கடையில் அவரைப் பார்க்க வேண்டும். கிளட்ச்சைக் கையால் சுற்றுவார். கேஸ் வெளியேறும் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்து, காற்று விரலைத் தள்ளுகிறதா என்று பார்ப்பார். ஒரு சொட்டு ஆயிலைத் தொட்டு வெயிலில் காட்டுவார். கறுத்து, பொடிப்பொடியாக மின்னினால் உள்ளே தேய்ந்தாயிற்று. பேசாமல் கீழே வைத்துவிடுவார். "நல்ல கண்டிஷன் சார், ஓடாத வண்டி" என்று கடைக்காரர் ஆரம்பித்தால் ஒரே கேள்விதான்: "காணிப்பாக்கத்துல வந்து சொல்றியா?" அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச்சத்தியம் செய்ய இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. விலை தானாக இறங்கும்.

கேஸ் பற்றி மட்டும் அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. "ஆர்-12 இருந்துச்சே, அதுதான் கேஸ்!" ஓசோனை அரிக்கிறது என்று 1987-ல் மான்ட்ரியலில் நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தம், தன் வண்டியைக் குறிவைத்த சதி என்பது அவர் கட்சி. இப்போது அடைக்கிற ஆர்-134ஏ பழைய ரப்பர் ஹோஸ் வழியாகக் கசியும். பழைய ஆயிலோடும் சேராது. கழுவி ஆயில் மாற்றாவிட்டால் கம்ப்ரஸர் வறண்டு இறுகிவிடும். எல்லாம் தெரியும். தெரிந்தும் வருஷா வருஷம் அக்னி நட்சத்திரத்துக்கு முன் கேஸ் அடைப்பார்.

மெக்கானிக் ஒரு இடத்தில்தான் பிடிவாதம் பிடிப்பார். "அண்ணா, ட்ரையர் மட்டும் புதுசு போட்டுடுங்க. கடையில திறந்து கெடந்தது காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிச்சிருக்கும். இனிமே அது வெறும் டப்பா." பெரியப்பா வாங்குவார்தான். ஆனால் வீட்டில் சொல்லமாட்டார்.

பிறகு திருப்பதி யாத்திரை. வழியெல்லாம் "ஜன்னலைத் தொடாதீங்க" என்று உத்தரவு. முன்சீட்டில் இருப்பவருக்கு இடது மணிக்கட்டு மட்டும் ஜில்லென்றிருக்கும். அலிபிரி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஏசியை அணைத்துவிடுவார். 796 சிசி ஐந்து பேரை இழுக்குமா, கம்ப்ரஸரை இழுக்குமா? பெரியம்மா இப்போதெல்லாம் அலிபிரியிலேயே இறங்கி பஸ் பிடித்துவிடுகிறார்.

போன மாதம் பையன் புது கார் வாங்கி வந்தான். எல்லாரும் சீட்டைத் தடவிப் பார்க்க, இவர் பானெட்டைத் திறந்து நெடுநேரம் குனிந்திருந்தார்.

"எப்படி நைனா இருக்குது?"

"நல்ல கம்ப்ரஸர்டா. என்னைக்காவது அடிகிடி பட்டா, இதை மட்டும் யாருக்கும் குடுத்துடாதே."