கொட்டிவாக்கத்தார் பதில்கள்: யந்திரச் சீடர்கள்

கேள்வி: ரோபோக்கள் ஒரு நாள் மனிதனை ஆளத் தொடங்கிவிடுமா?
(பள்ளி மாணவன், திருவான்மியூர்)

பதில்: ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு முதலாளி உண்டு, தம்பி. ஆளுவதென்றால் அவர்தான் ஆளுவார். ஆகையால் பயப்படுவதாயிருந்தால் அவருடைய விலாசத்தை விசாரித்துக்கொண்டு பயப்படு.

கேள்வி: கார்த் தொழிற்சாலைகளில் யந்திரக் கைகள் எத்தனையோ வருஷமாக வேலை செய்கின்றனவே! இப்போது மாத்திரம் ஏன் இத்தனை கூக்குரல்?
(ஓய்வு பெற்ற பொறியாளர், அடையாறு)

பதில்: அடையாற்றிலிருந்து வரும் கேள்விகளில் எப்போதும் சரக்கு இருக்கும் என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். தியாகராய நகர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய் ஆலையைப் போன்ற இடங்களில் தகடுகளைப் பற்றவைப்பது யந்திரக் கைகளே. ஆனால் அவற்றின் பழைய தலைமுறை எப்படிப்பட்டதென்றால், விதித்த பாதையில் சென்று, விதித்த புள்ளியில், விதித்த கணத்தில் பொறி கக்கிவிட்டுத் திரும்பும். கண்ணும் பிற உணர்கருவிகளும் பொருத்தப்படாதிருந்தால், தகட்டை யாராவது நான்கு விரற்கடை தள்ளி வைத்துவிட்ட மாத்திரத்தில், வெறும் ஆகாயத்தைப் பற்றவைத்துவிட்டுப் பரம திருப்தியோடு அடுத்த காருக்குப் போய்விடும். கீழ்ப்படிதலுக்கு அதை மிஞ்சியவர் இல்லை. விவேகத்தில் அதைவிடக் குறைந்தவரும் இல்லை.

இப்போது வருகிற ஜாதி வேறு. இதற்கு ஒருவரும் ஒவ்வோர் அசைவாக வகுத்துக் கொடுப்பதில்லை. மனிதன் ஒரு காரியத்தைச் செய்வதைப் படம் பிடித்து, அத்தகைய படங்களை ஆயிரக்கணக்கில் அதன் முன் கொட்டினால், எந்த நிலையில் எந்த விரல் எப்படி நகர வேண்டும் என்பதை அது தானே ஊகித்துக்கொள்ளுகிறது.

இது எங்கோ அமெரிக்காவில் மட்டும் நடக்கும் விந்தை என்று நினைத்துவிட வேண்டாம். படுக்கை விரிப்புக்கும் கைத்துண்டுக்கும் உலகப் பிரசித்தி பெற்ற நம் கரூரிலே, 2025-இல் ஒரு நிறுவனத்தில், நெற்றியில் காமிரா கட்டிக்கொண்டு இளைஞர்கள் துண்டு மடித்தார்கள். வலப் பக்கத்திலிருந்து வலக் கையால் மாத்திரம் துண்டை எடுக்க வேண்டும். இரு கைகளாலும் உதறி நீவ வேண்டும். மூன்று மடிப்பு மடிக்க வேண்டும். மேஜையின் இடது மூலையில் வைக்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு மேலானாலோ ஒரு படி தவறினாலோ மறுபடியும் முதலிலிருந்து! பார்ப்பதற்குத் துண்டு மடிப்பு, நடப்பதோ வித்தியாரம்பம். அந்தக் காமிரா கண்டதையெல்லாம் அயல்தேசத்து மனித உரு ரோபோக்கள் பாடமாகப் படிக்கின்றன.

துண்டு மடிக்க இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். இரும்புத் தகடு எங்கே வைத்தாலும் தகடாகவே இருக்கும். துணியோ ஒரு தடவை விழுந்த விதமாக மறு தடவை விழுவதில்லை. ஒவ்வொரு முறையும் அது புதிய பிரச்சினை. ஏழு வயதுப் பெண் குழந்தை தாயாரோடு பேசிக்கொண்டே செய்துவிடும் காரியத்துக்கு யந்திரம் படாத பாடு படுவது அதனால்தான்.

ஏகலைவன் கதையில் குருவானவர் சீடனுடைய கட்டைவிரலைக் கேட்டார். இந்தக் கதையில் சீடன் குருவினுடைய கட்டைவிரலைக் கேட்கிறான்! சம்பளம் கொடுக்கிறார்களே என்பீர்கள். மாதச் சம்பளம் அந்த மாதத்து உழைப்புக்கு ஆயிற்று. அந்த விரல்களிலிருந்து எடுத்த வித்தையோ பதிவாகி, பிரதியாகி, கடல் கடந்து, இன்னும் எத்தனையோ வருஷங்களுக்குத் துண்டு மடித்துக்கொண்டிருக்கும். அந்த வருஷங்களுக்கெல்லாம் குருதக்ஷிணை எங்கே? இந்தக் கேள்வியை நான் இந்தப் பகுதியில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். சலிப்படைகிறவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

கேள்வி: பழைய மகாபலிபுரம் சாலையில் ரோபோ பரிமாறும் ஓட்டல் வந்ததே, அதைப் பற்றித் தங்கள் கருத்து?
(போஜனப் பிரியர், மயிலாப்பூர்)

பதில்: 2017-இல் திறந்தார்கள். தட்டைக் கொண்டுவருவது பரிமாறுவதாகாது. இலையைப் பார்த்து, கேட்பதற்கு முன்பே ரசத்தோடு வந்து நிற்பதுதான் பரிமாறுவது.

கேள்வி: வங்கிகளில் கம்ப்யூட்டர் வந்தபோது நாங்கள் கொடி பிடித்தோம். இன்று பேரன் கேலி செய்கிறான். அன்று எதிர்த்தது அறியாமையா?
(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கொட்டிவாக்கம்)

பதில்: பேரனை என்னிடம் அனுப்பி வையுங்கள், சார். ரங்கராஜன் கமிட்டி 1984-இல் வங்கிகளை யந்திரமயமாக்குவதற்கு வழி சொல்லிற்று என்பதை எல்லோரும் சொல்லுவார்கள்; 1983-லும் 1987-லும் வங்கி நிர்வாகங்கள் ஊழியர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே யந்திரங்கள் உள்ளே வந்தன என்பதை ஒருவரும் சொல்லுவதில்லை. பேரேட்டில் புள்ளி வைத்துக் கூட்டும் வேலை மறைந்தது வாஸ்தவம். ஆனால் பேரேடு எழுதிய மனிதர் வாசலுக்குத் துரத்தப்படாமல், அதே கூரையின் கீழ் வேறு நாற்காலிக்கு மாறி, கௌரவமாக ஓய்வு பெற்றார். நீங்கள் கொடி பிடித்ததால் கம்ப்யூட்டர் நின்றுவிடவில்லை; அது கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தது. இன்றைய ரோபோவுக்குக் கதவைத் தட்டும் பழக்கமே கிடையாது; தட்டச் சொல்லுவதற்கு ஆளும் இல்லை.

கேள்வி: ரோபோவினால் பறிக்க முடியாத தொழில் எது?
(வேலை தேடுபவர், வேளச்சேரி)

பதில்: குழாய் ரிப்பேர். ரிப்பேர்க்காரர் சொன்ன நாளில் வருவதேயில்லையாதலால், எந்த யந்திரமும் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வழியில்லை.

கேள்வி: என் வேலை போய்விடும் என்கிறார்கள், எங்கள் அலுவலகக் காவலாளியின் வேலை போகாது என்கிறார்கள். பொறியியல் படித்தது வீணா?
(மென்பொருள் பணியாளர், சோழிங்கநல்லூர்)

பதில்: ஹான்ஸ் மொராவெக் என்னும் ரோபோ ஆராய்ச்சியாளர் 1988-லேயே இதைச் சொல்லிவைத்தார்: பெரியவர்கள் மூளையைக் கசக்கும் அறிவுத்திறன் சோதனையும் செக்கர்ஸ் ஆட்டமும் யந்திரத்துக்குச் சுலபம், ஒரு வயதுக் குழந்தைக்குச் சர்வ சாதாரணமான பார்ப்பதும் நடப்பதும் அதற்குப் பிரம்மப் பிரயத்தனம். காவலாளி இருட்டிலே வருகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே இன்னார் என்று கண்டுகொள்ளுவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் இடைநிலை, மேல்நிலை உத்தியோகஸ்தர்களே. காரணம் செயற்கை நுண்ணறிவு அன்று, திறமைப் பொருத்தமின்மையே என்று நிறுவனம் கூறிற்று. காரணம் எதுவானாலும் வீட்டுக் கடன் தவணை ஒன்றுதான். படித்தது வீணல்ல, ஐயா. காவலாளிக்கும் உங்களுக்கும் இடையே இருந்ததாக நீங்கள் நினைத்த மதில்தான் வீண். அவரோடு சேர்ந்து ஒரே சங்கத்தில் நிற்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கேள்வி: யந்திரத்தை எந்த மனிதனாலும் ஜெயிக்க முடியாதென்றான பிறகு, என் மகனைச் சதுரங்க வகுப்பில் சேர்ப்பதில் பிரயோஜனம் உண்டா?
(ஒரு தாயார், பாலவாக்கம்)

பதில்: அம்மணி, இதைக் கேட்பதற்குச் சென்னையைப் போன்ற தகுதியான பட்டணம் உலகத்திலேயே கிடையாது! உங்கள் தெருமுனைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே போனால் மாமல்லபுரம். 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்த ஊர்.

கணக்கைப் பாருங்கள். 1997-இல் டீப் ப்ளூ என்ற யந்திரம் உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. சதுரங்கம் செத்தது என்றார்கள். 2017-இல் ஆல்ஃபாஸீரோ என்பது, ஆட்டத்தின் விதிகளை மாத்திரம் தெரிந்துகொண்டு, ஒரு மனித ஆட்டத்தையும் பாராமல், தனக்குத் தானே ஆடிப் பழகிச் சில மணி நேரத்திற்குள் அப்போதைய தலைசிறந்த நிரலையே மிஞ்சியது. மறுபடியும் செத்தது என்றார்கள். இரண்டு தடவை செத்த அந்த ஆட்டத்தில்தான், 2024 டிசம்பர் 12-ஆம் தேதி, சிங்கப்பூரில், பதினெட்டே வயதான நம் குகேஷ், நடப்புச் சாம்பியன் டிங் லிரேனை வென்று உலகச் சாம்பியனானார். சிறு வயதில் அவருக்குப் பயிற்சியளித்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, நெடுங்காலம் சதுரங்க நிரல்களை அவர் பக்கத்திலேயே அண்டவிடாமல் சொந்த மூளையால் கணக்கிடப் பழக்கினார் என்பது இதில் அருமையான விஷயம். யந்திரம் விடையை அறியும். அந்த விடையைத் தேடித் திண்டாடும் சுகம் பையனுக்கே உரியது. இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லாத் தொழிலும் இப்படியே தப்பிக்கும் என்று எவராவது மாநாட்டு மேடையில் பேசினால் நம்பவேண்டாம். மனிதனும் மனிதனும் மோதுவதைக் காண்பதற்கு உலகம் விழித்திருக்கிறது. துண்டு மடிப்பதைக் காண யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

கேள்வி: ஆழ்கடலுக்கு ரோபோ போய் மீன் பிடித்தால் எங்கள் கதி?
(மீனவர், கொட்டிவாக்கம் குப்பம்)

பதில்: மீன் கூடும் இடத்தைச் செயற்கைக்கோள் பார்த்து ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் நிலையத்தார் சொல்லுகிறார்களே, அண்ணே, அதனால் டீசல் மிச்சம். கரையில் விலை சொல்லுகிறவர் யார் என்பதில்தான் உங்கள் கதி இருக்கிறது. கடலுக்குள் போவது யார் என்பதில் அல்ல.

கேள்வி: எந்த வேலையையாவது ரோபோ உடனே எடுத்துக்கொள்ள வேண்டுமென்று தாங்கள் விரும்புவதுண்டா?
(கல்லூரி மாணவி, பெருங்குடி)

பதில்: உண்டு, அம்மா. மலக்குழிக்குள் மனிதன் இறங்கும் வேலை.

அதைத் தடுக்கும் சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரவேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறியதே ஒழியச் சாவு நிற்கவில்லை. விஷவாயு நிறைந்த குழிக்குள் முதலில் இறங்கினவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கினவரும் விழ, அப்படியே சாகிறார்கள். அவர்கள் எந்தச் சமூகத்தில் பிறந்தவர்கள் என்பதையும் ஊர் அறியும்.

நம் கிண்டி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர், சோலினாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, ஹோமோசெப் என்ற யந்திரத்தை அமைத்து 2022-இல் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டியின் அடியில் இறுகிக் கிடக்கும் கசடை அதன் சுழல் தகடுகள் கலக்கிக் குழம்பாக்கும். உறிஞ்சு குழாய் அதை வெளியே இழுக்கும். மனிதன் மேலே நிற்பான். இதில் என் நெஞ்சைத் தொட்டது தகடும் குழாயும் அல்ல. முதல் இரண்டு யந்திரங்களையும், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் அமைப்பின் துணையோடு, இத்தொழிலில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். யாரைக் கொன்ற தொழிலோ அவர் குடும்பத்துக்கே அந்தத் தொழிலின் யந்திரம் உடைமையாக வேண்டும். இதைவிடச் சிறந்த பொருளாதாரக் கொள்கையை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை.

கேள்வி: ரோபோவுக்கு வரி போடலாம் என்று பில் கேட்ஸ் 2017-இல் சொன்னாரே, சரியா?
(வரி ஆலோசகர், தியாகராய நகர்)

பதில்: தாராளமாகப் போடலாம், தியாகராய நகரிலிருந்தும் நல்ல கேள்வி வரும் என்று இன்று தெரிந்தது. ஆனால் வரி கஜானாவுக்குப் போகும். அங்கிருந்து கரூருக்கு வழி கண்டுபிடித்து வருவதற்குள் துண்டு மடித்தவருக்குப் பேரன் பிறந்துவிடுவான். எவருடைய கையைப் பார்த்து யந்திரம் வேலை கற்றதோ, அவருக்கு அந்த யந்திரத்தின் சம்பாத்தியத்தில் எழுத்து மூலம் பங்கு. எந்தத் தொழிலில் அது நுழைகிறதோ, அந்தத் தொழிலாளரோடு முன்கூட்டியே ஒப்பந்தம். இந்த இரண்டையும் சட்டமாக்கிவிட்டு வரியைப் பற்றிப் பேசுவோம்.